பௌர்ணமி பிளக்

எங்கள் தெரு கிரிவலப் பாதையிலிருந்து பிரிந்து உள்ளே போகிறது. இங்கே வீடு கட்டுகிறவர்கள் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அதற்கு வயர்மேன்கள் வைத்திருக்கும் பெயர் பௌர்ணமி பிளக். பௌர்ணமி சாயங்காலம் வாசலில் ஒரு டீக்கடையோ சுண்டல் வண்டியோ அன்னதானப் பந்தலோ வந்து நிற்கும். அதற்கு லைட் எரிய வேண்டும். எங்கள் வாசலுக்கு வருவது ஓர் அன்னதானக் குழு. மழை பெய்தாலும் வந்துவிடுவார்கள்.

நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். போன வருஷம் வீட்டு வயரிங்கைப் புதுப்பித்தபோது இப்போதைய விதிப்படி ஆர்சிடி வைக்கச் சொன்னேன். உள்ளங்கை அளவுள்ள கருவி. மின்சாரம் எங்காவது கசிந்து தரைக்கோ ஒருவர் உடம்பு வழியாகவோ போனால் உடனே லைனைத் துண்டித்துவிடும். வேலை செய்தவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து வயர்மேன். ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் கொஞ்சம் நிலம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவார்கள். வேலை நேரத்திலும் வாய் ஓயாது, ஆனால் கை நிற்காது. எங்கள் வீட்டில் ஃபேன் முதல் மோட்டார் வரை எல்லாம் அவர் கைதான்.

ஆர்சிடி வைத்த பிறகு வந்த முதல் பௌர்ணமியில் தூறல் போட்டது. பந்தலுக்கு இழுத்திருந்த வயரின் ஒட்டு நனைந்தது. வீடு முழுக்க இருட்டு. நான் போய் சுவிட்சைத் தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. வாசலிலிருந்து "சார், கரண்ட் போச்சு சார்!" என்று சத்தம். சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்:

"இத்தன வருஷமா இல்லாத கரண்ட் கட்ட காசு குடுத்து வாங்கிட்டு வந்தீங்களா?"

கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது என்று அவளுக்கு விளக்கினேன். இருட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அடுத்த வாரம் வயர்மேனைக் கூப்பிட்டேன். "வாசல் பிளக்க மட்டும் ஆர்சிடிக்கு முன்னாடியே எடுத்துக் குடுத்துடுப்பா. அங்க இன்னா ஆனாலும் வீடு அணையக் கூடாது."

அவர் தலையைச் சொறிந்தார். "ஊர்ல எல்லாம் அப்படித்தாங்க குடுக்கறோம். உங்க வீட்டுலயுமா சார்?"

"நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா சரிங்க. சட்டமே நீங்கதான" என்று சிரித்துக்கொண்டே ஏணியை எடுத்தார்.

அதாவது, ஈரத்தில் வெறுங்காலோடு ஜனங்கள் வந்து நிற்கிற இடத்துக்குப் போகும் வயருக்கு மட்டும் பாதுகாப்பு இல்லாமல் செய்தோம். சரியான வழி எனக்குத் தெரியும். அந்த ஒரு பிளக்குக்குத் தனியாக இன்னொரு சின்ன ஆர்சிடி, மழை புகாத ஒரு பெட்டி. கசிந்தால் பந்தல் லைட் மட்டும் அணையும், வீட்டு லைட் எரியும். ஆனால் அதற்குச் சுவரை உடைக்க வேண்டும். அப்போதுதான் பெயிண்ட் அடித்திருந்தோம். காரணம் அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

இதே நான்தான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயர்மேன்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எலக்ட்ரீஷியன் சங்கம் நடத்தியது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. புது விதிகளைப் படித்ததாகக் காட்டினால்தான் அவர்களுடைய சான்றிதழைப் புதுப்பிப்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் இப்போது பெரிய கட்டடங்களில் உள்ளேயே விடுவதில்லை. எனக்கு அந்த வகுப்பு பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஓர் அறை முழுக்க ஆட்கள் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டது அங்கே மட்டும்தான்.

மார்கழியில் நடந்த வகுப்புக்கு நம் வயர்மேனும் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு லாட்ஜின் வயரிங் வேலை அவருக்குக் கிடைக்க இருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலை அதுவரை வந்ததில்லை. அதற்குச் சான்றிதழைப் புதுப்பித்தே ஆக வேண்டும். அன்றைக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் படித்தவர். அவர் இருக்கிறார் என்பதால் என் குரல் வழக்கத்தைவிட ஏறியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"ஆர்சிடிக்கு முன்னாடி லைன் எடுத்துக் குடுக்கற பழக்கம் உங்கள்ல யாருக்காவது இருக்கா?" என்று கேட்டேன்.

எல்லோரும் மேலே ஃபேனைப் பார்த்தார்கள். நம் ஆள் எழுந்தார்.

"இருக்குங்க சார். பௌர்ணமி பிளக்குக்கு எல்லாருமே அப்படித்தான் குடுக்கறோம். மழ வந்தா வீடே இருட்டாயிடுது, ஓனருங்க கத்தறாங்க. இத ஒழுங்கா குடுக்கறதுக்கு இன்னா சார் வழி?"

"மாட்டிக்கினாருடா நம்ம மாமா!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது.

அவர் என்னை மாட்டிவிடக் கேட்கவில்லை. சாருக்கு எல்லாம் தெரிந்த விஷயம்தானே, வழி சொல்வார் என்று நம்பிக் கேட்டார். ஆனால் கடைசி வரிசையில் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"வழியா?" என்றேன். "ஜனங்க செருப்பில்லாம நடக்கற பாதை அது. அங்க இப்படி ஒரு லைன் குடுக்கறதுக்குப் பேரு வேலை இல்ல, கொலை. உன்ன மாதிரி ஆளுக்கெல்லாம் எவன்யா சர்டிபிகேட் குடுத்தான்?"

அவர் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "உங்க வீட்டுல குடுத்தது யாரு சொல்லி சார்?" என்று ஒரு வார்த்தை போதும். அவர் "தப்புதாங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. அவரைத் திட்டியதைவிட, அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் அதிகாரி அவரைத் தனியாக அழைத்துப் பேர் விவரமெல்லாம் கேட்டார். நான் நாலு அடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிளக்கைத் துண்டித்திருக்க வேண்டும். செய்யவில்லை. அடுத்த பௌர்ணமிக்கும் அதே லைனில்தான் பந்தல் லைட் எரிந்தது.

தை மாதம் எங்கள் மோட்டார் நின்றுபோனது. வயர்மேன் போனை எடுக்கவில்லை. என் மனைவி அவருடைய மனைவியிடம் பேசினாள். பேசிவிட்டு வந்து கூடத்தில் என் எதிரே நின்றாள்.

"அவரு கொல்லையில மல்லாட்ட வேல செய்யறாராம். சான்றிதழ நிறுத்தி வெச்சிருக்காங்களாம். லாட்ஜ் வேலய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். உங்க கிளாஸ்ல ஏதோ ஆச்சாமே?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

"அப்படி லைன் குடுக்கச் சொன்னது நீங்கதான?"

"அது வேற."

"இன்னா வேற?"

நான் எழுந்து போய் மோட்டார் சுவிட்சை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் மருந்து அடிக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காராமலே, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன்.

"அன்னிக்கு ஏம்பா நீ சொல்லல?" என்றும் கேட்டேன். அதைக் கேட்டிருக்கவே கூடாது.

"சொன்னா உங்களுக்கு மானம் போவும், எனக்கு வேல போவும்" என்றார். "உங்கள மாதிரி பத்து வீடு இருக்குது சார் எனக்கு. ஒரு வீட்ட காட்டிக் குடுத்தா மத்த ஒம்போதும் கூப்புடாது. வேலயாவது மிஞ்சட்டும்னு பாத்தேன். அதுவும் போச்சு, உங்க மானம் மட்டும் ஜம்முனு இருக்குது."

சிரித்தபடிதான் சொன்னார். அவர் மனைவி சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கொலகாரன் வூட்டுல தண்ணி குடிப்பீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஏய், உள்ள போ" என்றார் அவர். பிறகு என்னிடம், "அவ சொல்றதுலயும் ஒண்ணு இருக்குதுங்க. இங்க வந்து சொல்றது ஈஸி. அத்தன பேரு எதிர்ல திட்டுனீங்க. அங்க சொல்லுங்க" என்றார்.

திரும்பும் வழியிலேயே வேங்கிக்காலில் இறங்கி உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். எதிரே உட்கார்ந்ததும் வாயில் வந்தது, "அடுத்த கிளாஸ் என்னிக்குப்பா?" என்பதுதான். தேதியைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே ஆட்டோக்காரர் "ஏறுங்க பெரியவரே" என்றார். ஏறவில்லை. நின்று, திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன்.

அதிகாரி மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். "சார், நீங்க சொன்னத நான் எழுதணும். எழுதினா உங்கள கிளாஸ் எடுக்க விட முடியாது" என்றார்.

"எழுதாம முடியாதா?" என்று கேட்டேன். ஆம், அப்போதும் கேட்டேன்.

"அவர விடுவிக்கணும்னா எழுதித்தான் ஆகணும் சார்."

"சரி, எழுதிக்கோ" என்றேன்.

அந்த வாரமே வேறோர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரை உடைத்துத் தனி ஆர்சிடி வைத்தேன். புதுப் பெயிண்டில் ஒரு சதுரம் சிமெண்டாக நிற்கிறது. அடுத்த வகுப்பை ஓர் இளம் பொறியாளர் எடுத்தார். நல்ல பெண், நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் அனுமதி கேட்டு எழுந்து, பௌர்ணமி பிளக்கை அப்படிக் கொடுக்கச் சொன்ன வீட்டுக்காரர்களில் நானும் ஒருவன், அன்றைக்கு நான் திட்டியது என் வீட்டில் நான் சொன்னபடி செய்தவரை என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வயர்மேன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எதிரே இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அவர் வண்டி போயிருந்தது.

லாட்ஜ் வேலை திரும்ப வரவில்லை. அதை என்னால் வாங்கிக்கொடுக்கவும் முடியவில்லை. அதன் சொந்தக்காரரைத் தேடிப் போய்ப் பேசினேன். பாதி வேலை முடிஞ்சுதுங்க, இனிமே ஆள மாத்த முடியாது என்றார். நியாயம்தான்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது.

"சார், சான்றிதழ் வந்துடுச்சு. உங்களாண்ட சொல்லணும்னு வீட்டுல சொன்னாங்க."

"ரொம்ப சந்தோஷம்பா" என்றேன். மோட்டாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அதை வேறொருவர் சரிசெய்துவிட்டார். இன்னும் ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தேன்.

"வச்சிடறேங்க சார், மேல ஏணியில நிக்கறேன்" என்றார்.