சர்வரை நிறுத்த ஒரு வரி

நேற்று ஒரு பை கடையில் ரெக்சின் வாசம் மூக்கில் ஏறியதும் காரைக்குடி ஞாபகம் வந்துவிட்டது. தட்டச்சு இயந்திரத்துக்குப் போடும் உறையின் வாசம் அது. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்டெல்லா டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கணினி சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். தட்டச்சுக்கு ஆள் வருவது குறைந்ததால் எட்டுக் கணினிகள் வாங்கிப் போட்டிருந்தார். அவற்றுக்கும் ரெக்சின் உறைதான்.

எட்டையும் ஒரே சர்வரோடு இணைத்துக் காட்டினால் தன் பள்ளிப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதாக ஒரு தாளாளர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பார்க்க வருகிறார். சரிப்படாவிட்டால் இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிவிடுவது என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். நானோ பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் இயங்குதள சிடியையும், அதை ஏற்றுவதற்கு ஊர் பேர் தெரியாதவர்கள் இணையத்தில் கூடி எழுதிய வழிகாட்டியையும் நம்பி இறங்கினேன். மாலையில் சர்வர் ஜம்மென்று ஓடும். காலையில் செத்துக் கிடக்கும். மூன்று முறை முதலிலிருந்து ஏற்றினேன். சிடியைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன், என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

தினமும் இன்ஸ்டிடியூட் மூடுவதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்ப நான் பிடிக்கும் கல்லல் ரயிலை வெள்ளிக்கிழமை தவறவிட்டதால்தான் விஷயம் விளங்கியது. ஏழு மணி அடித்ததும் பிள்ளைகள் உறைகளைப் போட்டார்கள். டீச்சர் மாதா படத்தைக் கும்பிட்டுவிட்டு மெயின் சுவிட்சை டக்கென்று இறக்கினார், ஓடிக்கொண்டிருந்த சர்வரையும் சேர்த்து! இருபது வருஷப் பழக்கம். முறைப்படி நிறுத்தாமல் கரண்டை வெட்டினால் சர்வரில் உள்ள கோப்புகள் சிதைந்துபோகும். நான் அலறிவிட்டேன்.

“ஏன் சார் கத்துறீக? ஏத்துறது எப்புடின்னு நாப்பது பக்கம் குடுத்திருக்கீக. நிப்பாட்டுறதுக்கு ஒரு வரி இருக்கா?”

புரட்டினேன். இருந்தது, முப்பத்தெட்டாம் பக்கத்தில், அடிக்குறிப்பாக. வெட்கமாகப் போயிற்று.

தாளில் உள்ளதை மட்டும் அடி என்பது டீச்சருக்கு வேதம். ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், “நீங்க வாயத் தொறக்கக் கூடாது” என்று என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார். நான் திருத்திய வழிகாட்டியை வைத்துத் தானே சர்வரை அமைத்தார். எனக்கு நாக்கு அரித்தது. அவர் தடுக்கிய இடமெல்லாம் சிவப்புப் பென்சிலால் ஒரு சுழி. சுழித்ததைச் சரிசெய்தேன், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் சுற்றில் பென்சிலைத் தொடவே இல்லை!

திங்களன்று தாளாளர் முன்னால் டீச்சரே சர்வரை முறைப்படி நிறுத்தி, மெயினை இறக்கி, மறுபடி ஏற்றினார். எட்டுத் திரைகளும் எழுந்தன. “புதன்கெழமையிலருந்து பிள்ளைகள அனுப்புறேன் டீச்சர்” என்றார் அவர். விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு விசிலடிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

திருத்தியதை மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து, வழிகாட்டியை எழுதிய அந்தக் குழுவுக்கு அனுப்பினேன். அடுத்த பதிப்பில் நிறுத்தும் வரி முதல் பக்கத்துக்கே வந்துவிட்டது, நன்றியில் டீச்சர் பெயரோடு. காரைக்குடியின் சிவப்புப் பென்சில் உலகத்தையே திருத்திவிட்டது என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

இன்ஸ்டிடியூட் அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் ஓடியது. இப்போது அங்கே ஜவுளிக்கடை. அந்தக் குழு கலைந்துவிட்டது, அந்தப் பழைய லினக்ஸ் பதிப்பும் இப்போது எங்கும் ஓடவில்லை. நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில் வழிகாட்டி எழுதுகிற பிள்ளைகள் என்னிடம் நீட்டி, சரியா என்று கேட்கிறார்கள். எனக்குத்தான் வேலை தெரியுமே, நான் படித்து என்ன பிரயோசனம்? தெரியாத ஒருவர் உட்கார்ந்து செய்துபார்த்து, “இதுல இல்லையே சார்” என்று சொல்ல வேண்டும். டீச்சர் போய் ஆறு வருஷம் ஆகிறது.