நாடா போட்ட மடக்கு ஸ்டூல்

எடை குறைவாக இருக்க வேண்டும், மடக்கித் தோளில் மாட்ட வேண்டும், நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும். படம் எடுக்கப் போகும்போது கூடவே கொண்டுபோகிற இருக்கைக்கு இவ்வளவுதான் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மில்லுக்கு லீவு விட்ட நாளெல்லாம் கழுத்தில் காமிராவும் தோளில் ஸ்டாண்டுமாகக் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவேன். நான் நின்றே பழகியவன். இருக்கை தேவைப்பட்டது என் மனைவிக்கு.

சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் அவள் இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகுதான் அது தெரியவந்தது. தெருமுனைக் கடைக்குப் போய் வந்தாலே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். மெதுவாக நடக்கட்டும், மூச்சு வாங்கியதும் உட்கார்ந்துவிட வேண்டும், ஈரத்தில் மட்டும் உட்காரவே கூடாது என்றார் பாளையங்கோட்டை டாக்டர். அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "செண்பகா அருவிய ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

அவளுக்குப் பிறந்த ஊர் வீரகேரளம்புதூர். பெரிய அருவியில் எத்தனையோ தடவை குளித்திருக்கிறாள். அதற்கும் மேலே மலையேறிப் போனால் இருக்கும் செண்பகா அருவிக்கு மட்டும் யாரும் அவளைக் கூட்டிப்போனதில்லை. மலையைப் பற்றி நாங்கள் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார். அந்த வருஷத்து ஆனி, ஆடிச் சாரலை விட்டால் அவளுக்கு இன்னொரு சாரல் உண்டா என்று எனக்குத் தெரியாது. அதனால் போவது என்று முடிவு செய்தேன். ஆனால் சாரல் நாளில் அந்த மலையில் காய்ந்த கல் என்று ஒன்று கிடையாது. பாறையெல்லாம் பாசி, தரையெல்லாம் அட்டை. எங்கே உட்காருவாள்?

முதலில் பந்தல்காரரிடம் இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றை இரவல் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். தெருவைக் கடப்பதற்குள் முழங்காலில் நாலு இடி இடித்துவிட்டது. அடுத்தது பிரம்பு மோடா. எடையே தெரியாது, ஆனால் மடங்காது. புதர்ப் பாதையில் அதைக் கொண்டுபோக இன்னொரு ஆள் வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் தன்னுடைய கான்வாஸ் முக்காலியைக் கொடுத்தார். கைக்கு அடக்கமாக, எனக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்குக் கொண்டுவந்து அவளை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. இருக்கை அவ்வளவு தாழ்வு. சேலையைச் சரிசெய்து, கையை ஊன்றி எழுந்து நிற்பதற்குள், உட்கார்ந்து ஆற்றிய மூச்சைவிட அதிகம் வாங்கியது. எனக்கு வந்த எரிச்சலில் அந்த முக்காலியை உதைத்தேன். இரவல் சாமான் என்பது உதைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகுதான் உயரம் என்று ஒன்று இருப்பது என் மண்டையில் ஏறியது. வீட்டில் இருந்த எல்லாவற்றின் மேலும் அவளை உட்காரவைத்துப் பார்த்தேன். மணை, உரல், கட்டில். "என்ன, எனக்குக் கொலு வைக்கீயளா?" என்று சிரித்தாள். டிரங்குப் பெட்டியிலிருந்து மட்டும் கை ஊன்றாமல் எழுந்தாள். அந்தப் பெட்டியின் உயரத்துக்கு ஒரு கயிற்றை அளந்து முடிச்சுப் போட்டு ஆசாரியிடம் கொண்டுபோனேன்.

தேக்கு வேண்டாம், கனக்கும், மலைவேம்பில் போடுங்கள் என்றேன். கத்தரி மாதிரி மடங்கும் கால், மேலே கட்டிலுக்குப் பின்னுகிற நாடா. நாடா என்றால் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

"சாய்வும் இல்ல, கையும் இல்ல. எந்தப் பிள்ளை உக்காருததுக்கு அண்ணாச்சி?" என்றார் ஆசாரி.

"எம் பொஞ்சாதி உக்காருததுக்கு" என்றேன். அவர் உளியை எடுத்தார். வேலை முடியும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஸ்டூல் நன்றாகவே அமைந்தது. தோளில் மாட்டினால் குடை ஒன்றை மாட்டியதுபோலத்தான் இருந்தது. மலைக்குப் போவதற்கு முன்னால் சமதரையில் பார்த்துவிடுவோம் என்று ஒரு சாயங்காலம் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். சன்னதி பஜாரைத் தாண்டியதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஸ்டூலை விரித்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"உக்காரு."

"வேண்டாம்."

"மூச்சு எப்படி வாங்குது பாரு. இதுக்குத்தான தூக்கிச் சுமந்துட்டு வந்தேன்?"

"எல்லாரும் போறாவ, வாறாவ. நீங்க நிக்கீய. நான் மகாராணி கணக்கா உக்காந்திருந்தா உங்களத்தான் பேசுவாவ."

எடையைப் பார்த்தேன், உயரத்தைப் பார்த்தேன், நாடாவைப் பார்த்தேன். புருஷன் நிற்கும்போது நடுத்தெருவில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்காருவாளா என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அதற்காகச் செத்தா போவாய் என்று கத்திவிட்டேன். சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. அவள் மரத்தையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

முகத்தை எங்கேயாவது திருப்பிக்கொள்ள வேண்டுமே என்று ஸ்டாண்டை விரித்துக் காமிராவைப் பூட்டினேன். சற்றுத் தள்ளி வந்துகொண்டிருந்த ஒரு கும்பல் அப்படியே நின்றது. "போட்டோ எடுக்காவ, ஒதுங்குலே" என்று அதில் ஒரு பெரியவர் தன் ஆட்களைத் தடுத்தார். திரும்பிப் பார்த்தால், அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்! முந்தானையை இழுத்துவிட்டு, கையை மடியில் வைத்து, போட்டோவுக்கு உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருக்கிறாள். போட்டோவுக்கு என்றால் பெண்கள் உட்காரலாம், ஆண்கள் நிற்கலாம், யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். நான் குனிந்து காமிராவுக்குள் பார்த்தேன்.

"எடுக்கட்டா?" என்றேன்.

"எடுக்காதீய. வேர்த்து விறுவிறுத்துக் கெடக்குதேன். சும்மா பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சு அடங்கியதும் போகலாம் என்று கண்ணைக் காட்டினாள்.

அந்த வாரமே மலைக்குப் போனோம். அந்த நாளில் பிலிம் ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருந்த ஒரு ரோலும் அருவிக்கு என்று அவளே சொல்லிவிட்டாள். நல்ல முகத்தோடு இருக்கும்போது தன்னை எடுத்தால் போதும் என்றாள். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டூலை விரிப்பேன், ஸ்டாண்டை நிறுத்துவேன், குனிந்து பார்ப்பேன். திருகத் தேவையில்லாத லென்ஸ் வளையங்களைத் திருகுவதுபோல் பாவனை செய்வேன். வருகிறவர்கள் பொறுமையாக நிற்பார்கள். ஒருவர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு, அடுத்தது தன்னை எடுக்க முடியுமா என்று கேட்டார். அருவிக்கரை அம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த, அவள் பிறந்த வீட்டுத் தெருக்காரி ஒருத்தி எங்களைக் கண்டு நின்று, "ஏட்டி, செத்த சிரிச்சாப்புல இரி" என்றாள். அவள் சிரித்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது காமிராவுக்குள் எனக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பிவிடலாம் என்றேன். இன்னும் ஒரு வளைவு என்றாள். அதைத்தான் ஒவ்வொரு வளைவிலும் சொன்னாள்.

அருவியின் இரைச்சல் காதில் விழத் தொடங்கிய இடத்தில் செங்குத்தாக ஓர் ஏற்றம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளே நின்றுவிட்டாள்.

"நீங்க போய் எடுத்துட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்."

"நான் போனா நீ எழுந்து நின்னுருவ."

சற்று யோசித்தாள். "காமிராவ மட்டும் எடுத்துட்டுப் போங்க. ஸ்டாண்டு இருக்கட்டும்."

ஸ்டாண்டை அவளுக்கு எதிரில் நிறுத்தி, காமிரா இருப்பதுபோல் உச்சியில் என் துண்டை மூடிப் போட்டுவிட்டு ஓடினேன். அருவியின் முன்னால் நின்றபோது எனக்கு அழுகைதான் வந்தது. அவள் பார்க்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோல் முழுவதையும் எடுத்து முடித்தேன். திரும்பி வந்தபோது துண்டு போர்த்திய வெறும் ஸ்டாண்டின் முன்னால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்த ஒரு குடும்பம், போட்டோக்காரர் வருவார் என்று அந்தப் பக்கமே காத்துக்கொண்டு நின்றது. மன்னிப்புக் கேட்டு அவர்களை அனுப்பிவைத்தேன்.

ஸ்டாண்டு இல்லாமல் எடுத்த படங்கள், எல்லாமே அசைந்திருந்தன. அதில் தேறிய ஒன்றைப் பிரிண்டு போட்டு அவளிடம் கொடுத்தேன். வெள்ளையாக ஏதோ விழுவது தெரியும், அவ்வளவுதான். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "தண்ணி ஓடுததுன்னாவது தெரியுது" என்றாள். சாரல் கழியட்டும், நல்ல வெயிலில் உன்னை எடுக்கிறேன் என்றேன். சரி என்றாள். சாரல் கழிந்து மழைக்காலம் பிடித்துக்கொண்டது. இருமல் வந்தது, கால் வீங்கியது, படுத்தால் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். அந்த முகத்தை எடுக்க அவளும் விடவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. கார்த்திகையில் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறு கழிந்து அவள் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"மாப்ள, மலையில புள்ளைய வளைவுக்கு வளைவு உக்கார வச்சுப் படம் எடுத்தீயளாமே. எங்க தெருக்காரி வந்து சொன்னா. கல்யாணப் படத்துல அவ குனிஞ்சிட்டா, மூஞ்சியே தெரியல. எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க."

"அத்தை, அது படம் எடுக்கல. சும்மாதான் நின்னேன். அவ உக்காரணும்லா, அதுக்காக."

"சும்மா யாராவது மலை பூரா காமிராவ வச்சுக்கிட்டு நிப்பாவளா?"

உள்ளே போய் அந்த அருவிப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். அந்த ரோலில் இருந்தது இவ்வளவுதான் என்றேன். அவள் அதைக் கையில் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு என்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவளோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"சரி மாப்ள. குடுக்க மனசு வரலன்னா வேண்டாம். அத்தனையையும் நீங்களே வச்சுக்கிடுங்க. பாத்துக்கிட்டு இருங்க."

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.