பச்சைமலைக்கு இரண்டாவது கியரில்

அரியலூர்க்காரர்களுக்கு மேடு என்றால் ரயில்வே பாலம். பள்ளம் என்றால் சுண்ணாம்புக்கல் குழி. அந்தக் குழியிலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிதான் என் கணவருக்குப் பிழைப்பு. இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறார். லீவு நாளில் எங்காவது போகலாமா என்று கேட்டால், "இன்னிக்குமா ஸ்டியரிங்கப் புடிக்கணும்?" என்று கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஆசையாக வாங்கிய பழைய கார் வாசலில் தூசி படிந்து நிற்கும்.

அந்தக் கோபத்தில்தான் நாற்பத்தாறு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஜெயங்கொண்டம் வரை ஓட்டினேன், பெரம்பலூர் வரை ஓட்டினேன். எல்லாம் சமதரை, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எலுமிச்சை சாதத்தைக் கட்டி வைத்துவிட்டு, "பச்சமலைக்குப் போறேன். வரதுன்னா வாங்க" என்றேன்.

வந்தார். ஏறி உட்கார்ந்ததும், "மலையில முடியலன்னா சொல்லு, மாத்திக்கலாம்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குப் பயம். ஒரே ஒரு வளைவில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போதும். பிறகு நான் எங்கே கிளம்பினாலும், "மலையில என்னாச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டே என்னை உட்கார வைத்துவிடுவார். அப்புறம் அந்த சீட் எனக்குக் கிடையாது.

துறையூர் தாண்டி, சோபனபுரத்தில் மலைப்பாதை ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு போனேன். இடம் கிடைத்த வளைவில் எல்லாம் ஓரங்கட்டினேன். லாரிக்காரர் வண்டியை நிறுத்துவது டீ, பஞ்சர், போலீஸ் ஆகிய மூன்றுக்குத்தான். அதனால் அவருக்கு இது விளங்கவே இல்லை.

"இங்க என்ன இருக்குன்னு நிப்பாட்டின?"

"ஒண்ணும் இல்லைங்க. சும்மா பாக்கத்தான்."

முதல் இரண்டு தடவை காருக்குள்ளேயே உட்கார்ந்து போனை நோண்டினார். மூன்றாவது தடவை இறங்கினார். கீழே வயல்கள் சதுரம் சதுரமாகக் கிடந்தன, நடுவில் ஏரி மின்னியது. வருடக்கணக்காக வெள்ளைத் தூசியையே பார்த்த மனிதர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஓரத்துக்கே போய் எட்டிப் பார்த்தார். நான்காவது நிறுத்தத்தில் பாறைமேல் உட்கார்ந்து, கிளம்பலாம் என்று நான் கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடுத்த கொண்டை ஊசி வளைவில் அடங்கியது. பாதி திரும்பும்போது மேலிருந்து மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்து கிளட்சை விட்டால், கார் ஒரு முழம் பின்னால் போய் மறுபடி நின்றது. மூன்று முறை இதே கதை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

ஜீப் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணே, நீங்க ஏறி எடுத்துக் குடுத்துடுங்களேன். அக்கா பயப்படுறாங்க."

இவர் கதவைத் திறந்து இறங்கினார். எல்லாம் முடிந்தது என்று நான் சீட் பெல்ட்டைக் கழற்றினேன். ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் அவர் என் பக்கம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். சாலை ஓரத்திலிருந்து பெரிய கல் ஒன்றைப் புரட்டி வந்து, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருந்தார். லாரியில் கிளீனர்கள் செய்கிற வேலை அது. கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"டிரைவர் எடுப்பாங்க. நீ கொஞ்சம் பொறு தம்பி."

பஸ் ஓட்டுகிறவர்களையே, "அவன்லாம் ஒரு டிரைவரா?" என்று கேட்கிற மனிதர் இவர். நான் பெல்ட்டைத் திரும்ப மாட்டினேன். அவர் காரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். "பயப்படாத, பின்னாடி போவாது. வலது பக்கம் ஒடி... இன்னும் ஒடி... ரைட், போலாம்!"

கார் உறுமிக்கொண்டு ஏறியது. சமமான இடம் வரும்வரை நான் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தால், கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜீப்புக்குக் கை காட்டிவிட்டு, மூச்சு வாங்க மேடேறி வந்துகொண்டிருந்தார். நடுவில் ஒரு இடத்தில் நின்று பள்ளத்தாக்கை வேறு வேடிக்கை பார்த்தார்.

வந்து ஏறி, வேர்வையைத் துடைத்தபடி, "மெதுவாவே போங்க டிரைவர், பாத்துக்கிட்டே போலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. மலையில் டிரைவர் அழுதால் ஆபத்து என்று முதல் கியரைப் போட்டேன்.