கால் இல்லாத பொம்மையோடு திருகோணமலைக்கு

எழுபதுகளின் நடுவில் ஒரு வைகாசியில் நானும் ஞானமும் ஒரு பெட்டியோடு மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் புறப்பட்டோம். பெட்டிக்குள் ஆணும் பெண்ணுமாக இரண்டு மரப்பொம்மைகள். எங்கள் கந்தோரில் வேலை செய்து காலமான வேலாயுதம் அண்ணனின் காதல் கதையைப் பொம்மலாட்டமாக மேடையேற்ற இருந்தோம். கதை என்னுடையது, செதுக்கல் ஞானத்துடையது. மண்டபமும் பேசியாகிவிட்டது. ஆனால் அண்ணனின் மனைவி அன்னம் அக்கா திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருந்தார். அவர் சம்மதிக்காமல் ஆடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தோம்.

காலை ஆறு மணி பஸ். இப்போது போகிறவர்களுக்குப் பாலங்கள் உண்டு. அப்போது ஆறு குறுக்கிட்டால் பஸ்ஸை மிதவையில் ஏற்றித்தான் கடத்துவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் ‘பாதை’ என்று பெயர். வெருகலில் பாதைக்குக் காத்திருந்தபோது கொண்டக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“சோடியாப் போகினம். ரிக்கற் இல்லையோ?”

“சின்ன ஆக்கள், அண்ணை. அரை ரிக்கற் போதும்,” என்றான் ஞானம்.

மனிசன் உண்மையாகவே ஒரு அரை ரிக்கற்றைக் கிழித்துத் தந்துவிட்டார்! கிண்ணியாவில் கடைசிப் பாதை ஏறி, பின்னேரம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வேலாயுதம் அண்ணன் எங்களுக்குச் சொன்னது கொஞ்சம்தான். உலகப்போர் நேரம் அவருக்குத் துறைமுகத்தில் வேலை. அன்னத்தோடு கலியாணம் பேசியிருந்தது. யப்பான்காரன் குண்டு போட்ட அன்று அன்னத்தின் குடும்பம் நிலாவெளிக்கு ஓடியது. பிறகு எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். மிச்சத்தை நானே எழுதினேன்: அவள் கிணற்றடியில் கண்ணீரோடு காத்திருக்கிறாள், அவர் தேடி வருகிறார்.

அன்னம் அக்கா தேத்தண்ணி தந்துவிட்டுப் பெண்பொம்மையைக் கையில் எடுத்தார். சேலையைத் தூக்கிப் பார்த்தார்.

“தம்பி, இவளுக்குக் கால் எங்கே?”

“சேலை மறைக்கும்தானே அக்கா. கால் வைச்சால் பாரம்,” என்றான் ஞானம். பெண்பொம்மைகளை அவன் இடுப்போடு நிறுத்திவிடுவான்.

“அவருக்கு ரெண்டு கால் வைச்சிருக்கிறியள். குண்டு விழுந்த அண்டைக்குக் கால் ஏலாமல் கிடந்தது அவர்தான். ஊரெல்லாம் நிலாவெளிப் பக்கம் ஓடி வருது, நான் துறைமுகத்துக்குத் திரும்பிப் போனனான். ஒன்பது மைல். என்ரை தோளைப் பிடிச்சு நொண்டி நொண்டித்தான் வந்தவர்.” பொம்மையைக் கதிரையில் வைத்தார். “கால் வைக்க ஏலாதெண்டால் ஆட வேண்டாம்.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஞானம் எழும்பிப் போய், வேலியில் நின்ற முள்முருக்கில் ஒரு கொப்பை வெட்டினான்.

மறுநாள் அவன் கால் செதுக்க, நான் நிலாவெளிக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்தேன். சாம்பல்தீவு தாண்டும் முன்பே குதிக்கால் பொக்களித்தது. உப்புவெளியில் ஒரு கடையில் உட்கார்ந்து, கிணற்றடிக் காட்சியைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன்.

அந்த வீதியால் போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் புறப்படுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், கடலை வலப்பக்கம் பார்க்க நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு வராமல் நகரத்திலிருந்து போங்கள். உயிரோடு இருப்பவர் கதையை எழுதுகிறவர்களுக்கு: முதலில் அவரிடம் போங்கள், பிறகு மண்டபம் பேசுங்கள்.

அரங்கேற்றத்துக்கு அன்னம் அக்கா அதே பாதைகளில் ஏறி மட்டக்களப்புக்கு வந்தார். பெண்பொம்மை நடக்கும் இடத்தில் ஆர்மோனியத்தை நிறுத்தினோம். பலகையில் மரக்கால் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் அவரிடம் போய், “சரியோ அக்கா?” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஓம். ஆனால் இன்னும் கொஞ்சம் நடக்க விட்டிருக்கலாம், தம்பி. ஒன்பது மைலெல்லோ.”