தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு குடிகாரன்

தையல்காரியின் கணவன் குடித்ததே இல்லை. இதை அவள் யாரிடம் வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வாள். எதிர்ச் சுவரில் அந்தப் படம் வரும்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் அவன். விசேஷ வீட்டில் யாராவது சோடா கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். ஆனால் அவனுக்கு வாய்த்த முகம் அப்படி. கன்னம் ஒட்டி, இமை பாதி இறங்கி, ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் எங்கேயோ விழுந்து கிடந்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். அது அவளுடைய அண்ணன் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

அண்ணன் பெயிண்டர். கடைப் பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தவனை மதுவிலக்குச் சங்கத்துக்காரர்கள் பிடித்து, ஊர்ச் சுவர்களில் குடியின் கேட்டைப் படமாக வரையச் சொன்னார்கள். குடிகாரனுக்கு ஒரு முகம் வேண்டுமே. தங்கை புருஷனைக் கூப்பிட்டு, கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்துத் தன் கொட்டகையில் நிற்க வைத்தான்.

"வெறும் தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு எப்படி மச்சான் தள்ளாடுறது? காலையில சாப்பிடாமலாவது வந்திருப்பேனே" என்றான் டிரைவர். அன்றைக்கு அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம்.

முதல் படம் அவள் தையல் மெஷினுக்கு நேர் எதிரே, தண்ணீர்த் தொட்டியின் சுற்றுச்சுவரில் வந்தது. கதவு நிலையில் தோளைச் சாய்த்து ஒருவன் நிற்கிறான். ஒரு கையில் பாட்டில், மறு கை இடுப்பு பெல்ட்டை அவிழ்க்கிறது. மூலையில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழே, 'பாட்டில் காலி, வீடும் காலி'. படம் நன்றாக வந்திருந்தது. வம்பே அதுதான்.

துணி கொடுக்க வந்த பெண்கள் சுவரைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி, "இப்ப எப்படி இருக்காரு?" என்று ஆஸ்பத்திரியில் விசாரிப்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் புகார் செய்தார்கள். மேனேஜர் தினமும் காலையில் டிரைவரைக் கூப்பிட்டு, தன் முகத்துக்கு நேரே ஊதச் சொன்னார்.

இதை அவன் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். அங்கேதான் அவளுக்கு முதல் முள் தைத்தது. தப்பே செய்யாதவனுக்குக் கோபம் வர வேண்டாமா? இது என்ன சிரிப்பு?

பிறகு பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே தெரிந்தது. ஊசியில் நூல் கோக்கத் தலை நிமிர்ந்தால் சுவரில் புருஷன். பெல்ட்டில் கை. சாயங்காலம் அதே முகம் வாசலில் வந்து நிற்கும்போது முதலில் அவன் கையைத்தான் பார்த்தாள். துவைக்க எடுப்பதுபோல் சட்டையை எடுத்து முகர்ந்தாள். டீசல், வியர்வை, அவ்வளவுதான். வேனைக் கழுவித் தருகிறேன் என்று சீட்டுக்கு அடியில் துழாவினாள். ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. ஒன்றும் அகப்படாதது அவளுக்கு நிம்மதி தரவில்லை. கெட்டிக்காரன், தடயமில்லாமல் செய்கிறான் என்று நினைத்தாள். ஒருநாள் சட்டைப் பையில் புதினா மிட்டாய் நாலு இருந்தது. ஜென்மத்தில் மிட்டாய் தின்னாதவனுக்குப் புதினா மிட்டாய் எதற்கு? தலையில் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மெஷினை மூடிவிட்டு அண்ணனின் கொட்டகைக்குப் போனாள்.

"அண்ணா, மறைக்காம சொல்லு. அவரு குடிச்சு நீ பார்த்திருக்கியா?"

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? அந்த அப்பாவியையா கேக்குற?"

"பார்க்காமலா அப்படி வரைஞ்ச? அந்தச் சாய்ஞ்சு நிக்கிறது, அந்தக் கை... எனக்குப் பார்த்தாலே உடம்பு நடுங்குது."

அண்ணன் தூரிகையைக் கீழே வைத்தான். "மூஞ்சி மட்டும்தான் அவரோடது. நிக்கிறது அப்பா. மூலையில உக்காந்திருக்கிறது அம்மா. எனக்குத் தெரிஞ்ச குடிகாரன் அப்பா ஒருத்தர்தானே. உனக்கு அடையாளம் தெரியலையா?"

அப்பா செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் அப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்ற நாட்களில் அவள் கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பாள். அங்கிருந்து இடுப்பும் பெல்ட்டும் கையும்தான் தெரியும். இத்தனை நாளும் அந்தக் கையைப் பார்த்துத்தான் புருஷனைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். பாவி, என்ன காரியம் செய்தேன் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அவன் வந்ததும் வராததுமாக அண்ணன் சொன்னதைக் கொட்டிவிட்டாள். "படத்துல இருக்கிறது நீங்க இல்லீங்க, எங்கப்பா. முகத்தை மாத்திடுறேன்னு அண்ணன் சொல்லியிருக்கு."

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டான். பிறகு, "அதனாலதான் சட்டையை மோந்து பார்த்தியா?" என்றான்.

தெரிந்துதான் இருந்திருக்கிறான். வேனைக் கழுவியபோதும் தெரிந்திருக்கும்.

"அந்த மிட்டாய் மேனேஜருக்காக. தினமும் மூக்கைக் கிட்ட கொண்டு வர்றாரு, வாய் நாறக் கூடாதேன்னு வாங்கினேன். அங்க ஊதுறப்ப எனக்கு ஒண்ணும் தோணல. அவருக்கு நான் யாரோ. நீ மோந்து பார்த்த அன்னைக்குத்தான் சோறு இறங்கல." சட்டையைக் கொடியில் போட்டான். "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். அவள் அப்பாவும் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றுதான் சொன்னார். கேட்டிருந்தாலும் தான் நம்பியிருக்க மாட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.