களவு என்று எழுதிய பலகை

நான் மொழிபெயர்க்க மறுத்த வாக்கியம் இதுதான்: துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்த உள்ளூர் ஊழியர்கள் அன்பளிப்புகளுக்கு மயங்குகிறவர்கள், அதனால் ஐரோப்பிய அதிகாரிகள் அவர்களை ஓயாமல் கண்காணிக்க வேண்டியிருந்தது.

அப்போது நாங்கள் சுவிஸில், ஜெர்மன் பேசுகிற பாடன் நகரில் குடியிருந்தோம். நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் தமிழ்ச் சனங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. பக்கத்து ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இலங்கையில் தேயிலையும் கறுவாப்பட்டையும் வாங்கிய சுவிஸ் வியாபாரிகளைப் பற்றி அங்கே கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். தமிழ்க் குடும்பங்களும் வந்து பார்க்க வேண்டுமாம். சுவர்ப்பலகைகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நானும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன், சுங்கத் திணைக்களத்தைப் பற்றிய பலகைக்கு வரும்வரை.

கண்காட்சிப் பொறுப்பாளரான பெண்மணிக்கு உடனே தொலைபேசி எடுத்தேன்.

“இது யாருடைய கருத்து?” என்று கேட்டேன்.

“அந்தக் காலத்து வியாபாரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து எடுத்தோம். அப்போதைய பார்வை அது” என்றார்.

“அப்படியென்றால் அவர்களின் பார்வை என்று போடுங்கள். நீங்கள் உண்மை என்றல்லவா போட்டிருக்கிறீர்கள்?”

“வரலாற்றை நாங்கள் மாற்ற முடியாது” என்றார், மிகவும் அன்பாக. அந்த அன்புதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

எனக்கு இவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் என் வீட்டிலேயே இருந்தார். அப்பா அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். வெள்ளைக்காரர் போவதற்கு முந்திய வருஷங்களில் அவர் ஒரு துறைமுகச் சுங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர்.

இரவுச் சாப்பாட்டின்போது, உள்ளூர் ஊழியரை ஐரோப்பியர் கண்காணித்ததாகப் பலகையில் போட்டிருப்பதை மட்டும் அவரிடம் சொன்னேன். முதலில் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“அது அப்பிடித்தான் பிள்ளை. கப்பலால வந்து இறங்கிற சின்னத் துரைக்கு நாங்கள்தான் வேலை பழக்கிறது. எந்தச் சாமானுக்கு எவ்வளவு தீர்வை, எந்தப் பெட்டியை உடைச்சுப் பாக்கோணும், எல்லாம். பழகி முடிய அவர் எங்களுக்குப் பெரியவர். பிறகு அவர் மாறிப் போக, அடுத்த சின்னத் துரை வருவார்.”

“உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?”

“வந்து? ஆருக்குச் சொல்லுறது?”

அவருடைய பொறுமையைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்பளிப்பு பற்றிய வாக்கியத்தை அப்படியே தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

“களவெடுத்தனாங்கள் எண்டோ எழுதியிருக்கினம்?”

“ஓம் அப்பா.”

“ஒரு துரை தன்ர சிநேகிதனுக்கு வந்த சாராயப் பெட்டியளைத் தீர்வை இல்லாமல் வெளியால விட்டவர். வேலை போனது ஆருக்குத் தெரியுமோ? வாசல்ல நிண்ட எங்கட பெடியனுக்கு. துரை அடுத்த மாசம் பதவி உயர்வோட போனார்.” தண்ணீர் குடித்தார். “என்னை அங்க கூட்டிக்கொண்டு போ.”

அடுத்த வாரம் ரயிலில் போனோம். அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பொறுப்பாளரோடு தன் பழைய கந்தோர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். அந்தப் பெண்மணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சுங்கத்தில் உண்மையாகவே வேலை பார்த்த ஒருவர்! குரலைப் பதிவுசெய்யலாமா, படம் எடுக்கலாமா, திறப்பு விழாவில் நாலு வார்த்தை பேசுவாரா என்று அடுக்கிக்கொண்டே போனார்.

“முதல்ல அந்த வசனத்தை எடுக்கட்டும்” என்று அப்பா என்னிடம் தமிழில் சொன்னார். நான் ஜெர்மனில் சொன்னேன்.

பலகை அச்சுக்குப் போய்விட்டதாம். வேண்டுமானால் அதற்குப் பக்கத்திலேயே அப்பாவின் குரலைக் கேட்கிற மாதிரி ஒரு கருவி வைக்கலாமாம்.

அப்பா எழுந்துவிட்டார். “என்னைக் கள்ளன் எண்டு எழுதின பலகைக்குப் பக்கத்தில நிண்டு நான் கதை சொல்லோணுமோ? கேள் பிள்ளை, இவவைக் கேள்.”

ஒரு சொல்லும் குறைக்காமல் கேட்டேன். காப்பிதான் வந்தது. குடிக்காமல் வந்துவிட்டோம். மொழிபெயர்ப்பு வேலையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கண்காட்சி திறந்த பிறகு நான் மட்டும் தனியாகப் போனேன். வேறு யாரையோ பிடித்துத் தமிழைச் செய்து முடித்திருந்தார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று இரண்டு மொழியிலும் வாசித்தேன். தமிழில் அன்பளிப்பு இல்லை, மயக்கம் இல்லை. உள்ளூர் ஊழியர்கள் ஐரோப்பிய அதிகாரிகளின் வழிகாட்டலில் பணியாற்றினர் என்று மரியாதையாக எழுதியிருந்தது. மேலே ஜெர்மனில் பழைய வாக்கியம் எழுத்துக்கூட மாறாமல் இருந்தது. எங்களுக்கு முன்னால் எங்களைப் புகழ்ந்து, எங்களுக்குப் பின்னால் தங்கள் ஆட்களிடம் கள்ளர் என்று சொல்வது இதுதானே! அதிலும் அவர்களுக்கு ஒன்று விளங்கவில்லை. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் முதலில் வாசிப்பது ஜெர்மனைத்தான்.

அன்று நான் உடனே வீட்டுக்குத் திரும்பவில்லை. பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன். யார் வந்து வாசித்தாலும், “இது பொய். என் அப்பா அங்கே வேலை செய்தவர்” என்று ஜெர்மனில் சொன்னேன். சிலர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். காவலாளி வந்து குரலைக் குறைக்கச் சொன்னார். வகுப்புப் பிள்ளைகளோடு வந்த ஒரு சுவிஸ் ஆசிரியை மட்டும் நின்று, தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். விளக்கினேன். வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

சில நாட்களில் பொறுப்பாளர் தொலைபேசி எடுத்தார். வாக்கியத்தை நீக்கிவிட்டார்களாம். ஒரு ஆசிரியை நேரில் வந்து முறையிட்டாராம், அது நியாயமாகப் பட்டதாம்.

“நானும் என் அப்பாவும் சொன்னபோது அது நியாயமாகப் படவில்லையா?” என்று கேட்டேன்.

அவர் அதை விட்டுவிட்டு, அப்பாவின் குரலை இப்போதாவது பதிவுசெய்யலாமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அப்பாவுக்கு விஷயம் கேட்டுத் திருப்தி. “எடுத்துப்போட்டினம்தானே, பிறகென்ன?” என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு இன்றைக்கும் போதவில்லை.