கோச்சடை வீட்டு வாசல் சாவி

"வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று புதுமாப்பிள்ளையைக் கேட்டு வம்பிழுக்காத ஆள் மதுரையில் உண்டா? பெண்டாட்டி ஆட்சியா, புருஷன் ஆட்சியா என்று அர்த்தம். பரிமல் கர்மகாரை மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்பானேன்? பதினான்கு வருஷமாகக் கோச்சடையில் மாமனார் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை அவன்.

சொந்த ஊர் வங்காளத்தில் காட்டால் என்ற ஊர்ப் பக்கம். பதினெட்டு வயதில் ரயிலேறி வந்து, தெற்காவணி மூல வீதிச் சந்தொன்றில் நகைப் பட்டறையில் உட்கார்ந்தான். உடைந்த வளையலைப் பற்றவைக்க வந்த பாண்டீஸ்வரி மேல் ஆசை வந்தது. அவளுக்கும் வந்து தொலைத்தது. அவள் அப்பா உக்கிரபாண்டி இரண்டையும் பெண்ணாகப் பெற்றவர். "மாப்ள இங்கனயே இருக்கணும்" என்று ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். ஆசைப்பட்டவன் எதற்குத்தான் தலையாட்டமாட்டான்?

ஊரில் தனியாக இருந்த அம்மா சபிதா போனில் கேலி பேசுவாள். "எங்க சிவன் மாமனார் வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டார். நவராத்திரி பூஜைக்கு துர்க்கைதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருவாள், நாலு நாள் இருப்பாள், போய்விடுவாள். உங்க மதுரைச் சிவன் என்னடா, பெண்டாட்டி ஊரிலேயே தங்கிவிட்டாரே." சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறும். "நம்ம ஊர் மகான் சைதன்ய மகாபிரபுகூட மதுரைக்கு நடந்தே போனாராம். போனவர் திரும்பிவிட்டார், பரிமல்."

"அடுத்த பூஜைக்கு வர்றேன், மா" என்பான் அவன். பாவி, பதினான்கு பூஜைக்கும் இதையே சொன்னான். ஒரு வருஷம் அறுவடை, ஒரு வருஷம் மாமனாருக்குக் கால் ஆபரேஷன், ஒரு வருஷம் ஒன்றுமே இல்லை, கேட்கப் பயம். இந்த வருஷம்தான் துணிந்து டிக்கெட் எடுத்திருந்தான்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை சித்தப்பா மகன் போன் செய்தான். அம்மா போய்விட்டாள். பூஜைக்கு ஒரு மாசம் இருந்தது. கொழுந்தியாள் கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது.

உக்கிரபாண்டி கெட்டவர் இல்லை, பயந்தவர். மருமகனைக் கொல்லைக்குக் கூட்டிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசு கேக்கலதேன் மாப்ள. ஆனா தீட்டுன்னு தெரிஞ்சா சம்பந்தி வீட்ல கல்யாணத்த நிப்பாட்டிருவாக. பத்திரிகை அம்புட்டுப் பேருக்கும் போயிருச்சு. பொண்ணுக்கு அண்ணன் தம்பி இல்ல, நீங்கதேன் கூட நிக்கணும். வாயத் தொறந்துறாதீக."

பரிமல் திறக்கவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

அவன் வீட்டு வழக்கப்படி பெற்றவள் செத்தால் மகன் பதினைந்து நாள் தைக்காத வெள்ளைத் துணி உடுத்த வேண்டும். செருப்பு ஆகாது, சவரம் ஆகாது. பச்சரிசிச் சோறும் நெய்யும் ஒரு வேளை. கழுத்தில் வெள்ளைத் துணியில் முடிந்து ஓர் இரும்புச் சாவி தொங்க வேண்டும், செத்தவரின் காற்று அண்டாமலிருக்க. அப்பா செத்தபோது அம்மாதான் வீட்டுச் சாவியை எடுத்துக் கட்டிவிட்டாள். கல்யாண வீட்டில் வெள்ளை உடுத்த முடியுமா, தாடிதான் வளர்க்க முடியுமா? வயிற்றுப்புண் என்று சொல்லிப் பச்சரிசியைச் சமாளித்தான். சாவியையாவது கட்டிக்கொள்ள நினைத்தான். பட்டறையில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது பிழைப்புக்கான இரும்பு. அம்மாவுக்கு வீட்டுச் சாவிதான் கட்ட வேண்டும். அவனிடம் எந்த வீட்டுச் சாவியும் இல்லை. பதினான்கு வருஷத்தில் யாரும் கொடுத்ததில்லை.

மறுநாள் காலையில் மாமியார் அன்னக்கொடியிடம் போய் நின்றான். "அத்தை, ஒரு சாவி வேணும்."

"எந்தச் சாவி?"

"எதுன்னாலும் சரி. வீட்டுச் சாவி."

அன்னக்கொடியின் கை இடுப்புச் சாவிக்கொத்தைப் பொத்திக்கொண்டது. பீரோவில் கல்யாண நகை முழுக்க இருந்தது. அதில் பாதி அவன் கையால் செய்தது. அவள் புருஷனிடம் சொல்ல, உக்கிரபாண்டி வந்து கேட்டார்.

"தாய் செத்த மறுநாளே சாவி கேக்குறீகளே மாப்ள. நாங்க என்ன கொற வச்சோம்?"

பரிமலுக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சாவி எதற்கென்று கல்யாண வீட்டில் எப்படிச் சொல்வது? அம்மாவுக்காக அழ வேண்டிய அழுகையையும் அடக்கிக்கொண்டான். இங்கே அழுதால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள்.

சாவி எதற்கென்று பாண்டீஸ்வரியிடம் மட்டும் சொன்னான். அவள் போய், ஆணியில் மாட்டியிருந்த வாசல் கதவின் மாற்றுச் சாவியை எடுத்துவந்து, வெள்ளைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டிவிட்டாள். "சட்டைக்குள்ள போட்டுக்கங்க. காரியம் முடிஞ்சதும் ஆணியில மாட்டிரணும்."

கல்யாணத்தன்று சவரம் செய்து, பட்டுச் சட்டை போட்டு, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தான். சம்பந்தி வீட்டுக் கிழவர் ஒருவர் புதுமாப்பிள்ளையிடம், "மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. பரிமலும் சிரித்தான். சட்டைக்குள் சாவி நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. சிரிக்கிறோமே என்று அவனுக்கு அவன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பதினைந்தாம் நாள் வீட்டார் மறுவீட்டு விருந்துக்கு வாடிப்பட்டி போயிருந்தார்கள். அவன் தனியாக வைகைக்குப் போய் மொட்டை போட்டு, முழங்கால் தண்ணீரில் பிண்டம் கரைத்து, வெள்ளைத் துணியை ஆற்றோடு விட்டான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். வீடு பூட்டியிருந்தது.

பையைத் தொட்டபோதுதான் உறைத்தது. சாவி அவனிடம் இருந்தது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கதவை அவனே திறந்தான். உள்ளே யாருமில்லை. கூடத்தில் உட்கார்ந்து, "மா, மா" என்று வாய்விட்டு அழுதான்.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தான். மொட்டைத் தலையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி என்னவென்று கேட்பதற்குள் அன்னக்கொடி முந்திக்கொண்டாள். "கல்யாணம் நல்லா முடியணும்னு பழனிக்கு நேந்திருந்தாரு." உள்ளே வந்தவள் மருமகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"வாச சாவி ஒங்ககிட்டயா இருக்கு? குடுங்க, தொலைஞ்சிரும்."

கொடுத்தான்.

அவள் அடுப்படிக்குள் போன பிறகு பாண்டீஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, பூசைக்கு டிக்கெட்டு இருக்குல்ல. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன். ஊருக்குப் போயிட்டு வாங்க."

"யாரப் பாக்க?" என்றான்.